நிமிர்ந்து நின்ற பாட்டில்

மூன்று மாதத்துக்கு முன்னால் ஜோதி போன் செய்தாள். செங்கல்பட்டில் நான் முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில், முதுகெலும்பு வார்டுக்கு இப்போது அவள்தான் இன்சார்ஜ்.

"சிஸ்டர், புதுசா பதினோரு பொண்ணுங்க வந்திருக்காங்க. ஒரு மணி நேரம் வந்து பேசுங்களேன். உங்க அனுபவத்துல ஒரு நல்ல கேஸ் சொல்லுங்க."

"நல்ல கேஸ் எல்லாம் வீட்டுக்குப் போயிடுச்சுடி. மிச்சம் இருக்கறதுதான் என்கிட்ட இருக்கு," என்றேன்.

"அதைத்தான் சொல்லுங்க," என்றாள். எதைச் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். அது நடந்தபோது கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தவள் அவள்தான்.

நான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்களிடம் சொல்வதற்கு முன்னால் வேறு ஒரு வீட்டில் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. எட்டு வருஷமாகச் சொல்லாமல் இருந்தேன். இப்போது சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பெயர் ஸ்டெல்லா. அப்பாவும் அம்மாவும் திருக்கழுக்குன்றத்துக்கு வெளியே அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள். எங்கள் சர்ச் பாதிரியார் சொல்லி நர்ஸிங் பள்ளியில் சேர்ந்தேன். மூன்று வருஷம் படுக்கை விரித்தேன், பெட்பேன் கழுவினேன், ஊசி போடக் கற்றுக்கொண்டேன், நிறையத் திட்டு வாங்கினேன். வாங்கிய திட்டையெல்லாம் பத்திரமாக வைத்திருந்து எனக்குக் கீழே வந்த பெண்களுக்குக் கொடுத்தேன். எனக்கு வாய் நீளம். வார்டில் எல்லோருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். அதை ஒரு தகுதி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதுகெலும்பு வார்டில் ஒரு பாட்டில் உண்டு. ஆபரேஷன் செய்த இடத்தில் ரத்தம் தேங்கிவிடக் கூடாது என்று ஒரு மெல்லிய குழாயை உள்ளே வைத்துத் தைத்து, அதன் மறுமுனையை இந்தப் பாட்டிலில் சேர்ப்பார்கள். டிரெயின், அதாவது வடிகால் என்போம். ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். டியூட்டி மாறும்போது குழாயைக் கிளிப் போட்டு அடைக்க வேண்டும், மூடியைத் திறந்து சேர்ந்திருப்பதை அளவுக் குவளையில் ஊற்ற வேண்டும், வாயை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். அப்புறம் பாட்டிலை மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் தட்டையாக அழுத்தி, அழுத்தின கையை எடுக்காமலே மூட வேண்டும். கிளிப்பை எடுத்ததும் பாட்டில் மெல்ல நிமிரப் பார்க்கும். நிமிர நிமிர உள்ளே இருக்கும் ரத்தத்தை இழுக்கும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த ஹெட் நர்ஸ், நிமிர்ந்து நிற்கிற பாட்டிலைக் கண்டால் சோம்பேறி நர்ஸ் ஒருத்தி பக்கத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம் என்பார். நானும் அதையே சொல்லி வளர்த்தேன். கட்டில் கட்டிலாகக் குனிந்து பார்ப்பேன். எங்கள் வார்டில் ஒரு பாட்டில்கூட நிமிர்ந்து நிற்காது.

எங்கள் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், சார் என்றே எழுதுகிறேன். அவர் ரவுண்ட்ஸ் வந்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்ப்பார். போர்வையை விலக்கி, "கட்டை விரலைத் தூக்குங்க" என்பார். அது தூக்கினால்தான் பேச்சே. பிறகு என் பக்கம் திரும்பி, "எவ்வளவு? என்ன நிறம்?" என்று டிரெயினைக் கேட்பார். நான் அளவைச் சொல்லி நிறத்தைச் சொல்வேன். தக்காளி ரசம், பீட்ரூட் சாறு என்றெல்லாம் சொல்லக் கூடாது, அவருக்குப் பிடிக்காது. சிவப்பு, கருஞ்சிவப்பு, வெளிர் சிவப்பு, அவ்வளவுதான். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் பேனாவுக்கு மூடி போட்டுப் பையில் வைத்துக்கொள்வார். அந்த மூடி போடும் சத்தம் கேட்டாலே நாங்கள் வேலையை மறுபடி சரிபார்க்க ஓடுவோம்.

அவரிடம் ஒரு பழக்கம் மட்டும் சரியில்லை. யார் பக்கத்தில் நிற்கிறார்களோ அவர்களிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆபரேஷன் குறிப்பில் எழுதவும் எழுதுவார். ஆனால் அது கோப்பில் எங்கேயோ நடுப்பக்கத்தில் இருக்கும். எங்கள் நர்ஸ் சார்ட்டில் டிரெயினுக்கு இரண்டு கட்டம்தான், அளவு ஒன்று, நிறம் ஒன்று. அழுத்தலாமா கூடாதா என்று கேட்க ஒரு கட்டம் கிடையாது. அழுத்தாத பாட்டில் என்று ஒன்று இருக்கும் என்றே யாரும் நினைக்கவில்லை.

தேவராஜ் புதுப்பட்டினத்துக்காரர். அணுபுரம் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச்செல்லும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் டிஸ்க் பிதுங்கி, இடது காலில் கரண்ட் ஓடுகிற மாதிரி வலி. மாத்திரை, பெல்ட், பிசியோதெரபி என்று ஒரு வருஷம் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷனுக்கு வந்தார். வாய் ஓயாத ஆள். அட்மிஷன் போட்ட அன்றைக்கே, "இன்னா சிஸ்டர், கிளட்ச் மிதிக்கற கால் இது. நல்லா ரிப்பேர் பண்ணி குடுத்துட சொல்லு," என்றார். மனைவி கலா பக்கத்தில் நின்றுகொண்டு, "ஆஸ்பத்திரில வந்தும் இந்த வாய் அடங்குதா பாருங்க சிஸ்டர்," என்றாள். எனக்கு அந்த இரண்டு பேரையும் பிடித்துப் போயிற்று.

ஆபரேஷன் காலையில் நடந்தது. அதில் ஒரு சின்னச் சங்கடம். தண்டுவட நரம்புகளைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது, அதற்குள் தெளிந்த நீர் இருக்கும். டிஸ்க் அந்த உறையோடு ஒட்டிப் போயிருந்ததால் பிரிக்கும்போது லேசாகக் கிழிந்துவிட்டது. இது எந்த நல்ல டாக்டர் கையிலும் நடக்கக் கூடியது. சார் அதைத் தைத்து மூடிவிட்டார். ரத்தக் கசிவு இருந்ததால் டிரெயினும் வைத்தார், ஆனால் அழுத்தாமல் வைத்தார். தானாக வடிவது வடியட்டும், இழுக்க வேண்டாம் என்பதற்காக. தியேட்டரிலிருந்து தேவராஜை வார்டுக்குக் கூட்டிவர ஜோதி போயிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவளிடம் சொல்லி அனுப்பினார்.

நான் மத்தியானம் ஒரு மணி டியூட்டிக்கு வந்தேன். வந்ததும் வழக்கம்போலக் கட்டில் கட்டிலாகக் குனிந்து பார்த்தேன். தேவராஜ் கட்டிலுக்குக் கீழே பாட்டில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது.

"ஜோதி, இங்க வா," என்றேன். வந்தாள். "இது என்ன?"

"சிஸ்டர், அது வந்து, டாக்டர்..."

"டாக்டர் வந்து உனக்குப் பாட்டில் அழுத்திக் குடுப்பாரா? எட்டு மாசமா எதைக் கத்துக்கிட்ட? சீவிச் சிங்காரிச்சுக்கிட்டு வர்றதுக்கு மட்டும் நேரம் இருக்கு."

"இல்ல சிஸ்டர், தியேட்டர்ல..."

"வாயை மூடு. பேஷண்ட் எதிர்ல எதுத்துப் பேசாதே."

தேவராஜுக்கு மயக்கம் தெளிந்திருந்தது. மல்லாந்து படுத்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "பாவம், அந்தப் பொண்ணு இன்னாவோ சொல்ல வருது சிஸ்டர். காது குடுத்துதான் கேளேன்."

நான் சொன்ன பதில் எனக்கு ஒரு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. "நீங்க பேசாம படுங்க. உங்க வேனை ஓட்ட நான் வந்தேனா?"

அவர் சிரித்தார். ஜோதி தலையைக் குனிந்துகொண்டாள், கண்ணில் தண்ணீர் நின்றது. நான் குழாயைக் கிளிப் போட்டு, பாட்டிலைத் திறந்து ஊற்றி, துடைத்து, மேஜைமேல் வைத்து அழுத்தினேன். அவளுக்குத் தெரியட்டும் என்று கொஞ்சம் கூடவே அழுத்தினேன். அவள் காலை டியூட்டி முடிந்து பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது கதவருகில் ஒரு தரம் நின்று திரும்பிப் பார்த்தாள். நான் முகம் கொடுக்கவில்லை.

சாயங்காலம் பாட்டில் சீக்கிரமே நிறைந்துவிட்டது. ஊற்றினேன், அளந்து எழுதினேன், மறுபடி அழுத்தினேன். நிறம் வெளிர் சிவப்பு என்று எழுதினேன். ஆபரேஷன் ஆன அன்றைக்கே ஏன் இவ்வளவு வெளிறி வருகிறது என்று ஒரு கணம் தோன்றியது. ஏழு மணிக்கு நைட் டியூட்டிப் பெண் வந்துவிட்டாள். "எல்லாம் அழுத்தி வச்சிருக்கேன்," என்று ஒப்படைத்துவிட்டு பஸ்ஸைப் பிடித்தேன்.

அடுத்த நாள் காலை டியூட்டியும் எனக்கே. ராத்திரி முழுக்கத் தலைவலி என்றும் இரண்டு தரம் வாந்தி என்றும் சார்ட்டில் இருந்தது. மயக்க மருந்து கொடுத்தவர்களுக்கு இது வருவதுதான் என்று வாந்திக்கு ஊசி போட்டிருந்தார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"இன்னா தேவராஜ், வண்டி ஸ்டார்ட் ஆவலையா?" என்று அவர் பாஷையிலேயே கேட்டுக்கொண்டு போனேன். அவர் கண்ணைத் திறந்தார். பதில் வர நேரமாயிற்று.

"சிஸ்டர்... நீ ரெண்டா கீற."

குடித்தவர் நாக்கு மாதிரி இழுத்தது பேச்சு. கலா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். "காலைலருந்து இப்பிடித்தான் சிஸ்டர் தூங்கிகினே கீறாரு. நாஸ்தா குடுத்தா வாய்ல வச்சிகினே தூங்கறாரு," என்றாள். நான் என் விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "இதைத் தொடுங்க," என்றேன். அவர் கை கிளம்பி வந்தது, என் விரலைத் தாண்டிப் போய்க் காற்றைத் தொட்டது. மறுபடி தொடச் சொன்னேன். மறுபடியும் தவறியது.

குனிந்து பாட்டிலைப் பார்த்தேன். முக்கால்வாசி நிறைந்திருந்தது. மீன் கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது, அதில் ரத்தம் பேருக்குத்தான் இருந்தது. ஜோதி என்ன சொல்ல வந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாரைக் கூப்பிடச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினேன்.

சார் ஐந்து நிமிஷத்தில் வந்தார். அன்றைக்குக் காலைப் பார்க்கவில்லை. நேரே குனிந்து பாட்டிலைப் பார்த்தார். குழாயை அவரே கிளிப் போட்டு அடைத்தார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தலைக்கு ஸ்கேன் என்றார். இடுப்பில் ஆபரேஷன் செய்தவருக்குத் தலையில் எதற்கு ஸ்கேன் என்று கலா என்னைக் கேட்டாள். நான் கட்டிலைத் தள்ளிக்கொண்டே, "பாத்துக்கலாம் கலா, பாத்துக்கலாம்," என்றேன்.

ஸ்கேனில் பின்மண்டைக்குள் சிறுமூளையில் ரத்தம் கசிந்திருந்தது. வெள்ளைக் கோடு கோடாகத் தெரிந்தது. சார் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, என்னையும் காலை டியூட்டிக்கு வந்திருந்த ஜோதியையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"மூளையும் தண்டுவடமும் ஒரே தண்ணிலதான் இருக்கு. கீழேருந்து அந்தத் தண்ணியை இழுத்தா, மேல மூளை லேசா இறங்கும். இறங்கும்போது அதைச் சுத்தி இருக்கிற சின்ன ரத்தக் குழாய்ங்க இழுபட்டுக் கிழியும். ரொம்ப ரொம்ப அபூர்வம். நான் புத்தகத்துல படிச்சிருக்கேன், பார்த்ததில்லை." பிறகு ஜோதியைப் பார்த்தார். "அழுத்த வேண்டாம்னு உன்கிட்ட சொன்னேனா?"

"சொன்னீங்க சார்."

"சிஸ்டர்கிட்ட சொன்னியா?"

ஜோதி என்னைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவ சொல்ல வந்தா சார். நான்தான் சொல்ல விடல. அழுத்தினது நான்," என்றேன்.

சார் பேனாவுக்கு மூடி போட்டார். பிறகு, "அழுத்தாமலே இப்படி வந்தவங்களும் இருக்காங்க சிஸ்டர். கிழிச்சது என் கை. எதனால வந்துதுன்னு யாராலயும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது," என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் எட்டு வருஷம் ஓட்டினேன்.

கலாவை உள்ளே கூப்பிட்டுப் பேசியபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். சார் எதையும் மறைக்கவில்லை. உறை கிழிந்தது, தைத்தது, பாட்டில் இழுத்தது எல்லாம் சொன்னார். "அது இழுக்காம இருந்திருக்கணும் அம்மா. இழுத்துடுச்சு. அது எங்க தப்பு," என்றார். எங்கள் தப்பு என்று சொல்லி நிறுத்தினார். அடுத்த வார்த்தை என்னுடையது. ஜோதி நிற்கிறாள், சார் நிற்கிறார், கலா என் முகத்தைப் பார்க்கிறாள். நான் அதைச் சொல்லவில்லை.

கலா கேட்டது ஒன்றைத்தான். "பொழைச்சிப்பாரா சார்?"

சென்னைக்கு அனுப்பினோம். ஆம்புலன்ஸில் நானே கூடப் போனேன். பரனூர் தாண்டும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தேவராஜ், தூங்காதீங்க. எந்த ஊர், எந்த ஸ்கூல், சொல்லுங்க," என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் பிள்ளைகள் ஏறும் இடங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். குவார்ட்டர்ஸ் கேட், தண்ணித் தொட்டி, பால் பூத். அதற்குப் பிறகு சொல்லவில்லை.

அங்கே தலையில் துளை போட்டு, கசிந்த ரத்தம் வழியை அடைத்ததால் உள்ளே ஏறியிருந்த நீரின் அழுத்தத்தை இறக்கினார்கள். இருபத்திரண்டு நாள். பிழைத்துக்கொண்டார். ஆனால் நடந்தால் தரை ஆடுகிறது என்றார். இடது கை ஒரு டம்ளரைப் பிடித்து வாய்க்குக் கொண்டுவருவதற்குள் பாதி சிந்திவிடும். பேச்சு இழுத்தது இழுத்ததுதான். கிளட்ச் மிதிக்கிற கால் குணமாகிவிட்டது, அதில் வலியே இல்லை. ஆனால் ஸ்டீரிங்கைப் பிடிக்க கை இல்லை. வேன் கைமாறிப் போயிற்று. கலா புதுப்பட்டினம் மார்க்கெட்டில் தன் அம்மா உட்கார்ந்த இடத்தில் மீன் விற்க உட்கார்ந்தாள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் வார்டில் அழுத்தக் கூடாத பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டி, சிவப்பு மையில் "அழுத்தாதே" என்று எழுதும் வழக்கம் வந்தது. முதல் பிளாஸ்திரியை சாரே எழுதி ஒட்டினார். சார்ட்டிலும் ஒரு கட்டம் கூடிற்று. ஜோதி என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் ஒரு நாள் மருந்து அறையில் அவள் கையைப் பிடித்து, "என்னை மன்னிச்சுடுடி," என்றேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். அதற்கப்புறம் நான் சிறியவர்களிடம் வாயைக் குறைத்துக்கொண்டேன். குறைத்ததால் யாருக்கும் ஒன்றும் திரும்பி வரவில்லை.

ஆனால் கலா என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் தெரியுமா? நான்தான் அவள் புருஷனைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். காலையில் விரலை நீட்டிக் கண்டுபிடித்தது நான், கத்திக்கொண்டு ஓடினது நான், ஆம்புலன்ஸில் கையைப் பிடித்துக்கொண்டு போனது நான். பார்க்கிறவர்களிடம் எல்லாம், "அந்த சிஸ்டர் மட்டும் பாக்கலைன்னா இன்னிக்கு இந்த மனுசன் இல்ல," என்பாள். அதுவும் பொய் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

செக்கப்புக்கு வரும்போதெல்லாம் ஒரு எவர்சில்வர் தூக்கில் மீன் கொண்டுவருவாள். சங்கராவோ கானாங்கெளுத்தியோ, சுத்தம் செய்து மஞ்சள் தடவி இருக்கும். நான் ரிட்டயர் ஆன பிறகும் விடவில்லை. திருக்கழுக்குன்றத்தில் என் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம். செங்கல்பட்டுக்கு அவரைக் கூட்டிப்போகும்போது இங்கே இறங்கித் தூக்கைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பாள். நான் காலித் தூக்காகத் திருப்பித் தரமாட்டேன், முறுக்கோ அதிரசமோ போட்டு வைத்திருந்து அடுத்த முறை கொடுப்பேன். அவள் ஏன் மீன் விற்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். தேவராஜ் பக்கத்தில் சுவரைப் பிடித்தபடி நிற்பார், பஸ் வந்துவிடும்.

ஜோதி போன் செய்த மறு வாரம், வீட்டில் இருந்த கலாவின் தூக்கில் முறுக்கைப் போட்டுக்கொண்டு புதுப்பட்டினம் பஸ்ஸில் ஏறினேன். மத்தியானம் மார்க்கெட் முடிந்து கலா வீட்டில் இருப்பாள் என்று தெரியும். கதவு திறந்திருந்தது. தேவராஜ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "யாரு வந்துகினு கீறாங்க பாரு," என்று உள்ளே குரல் கொடுத்தார். ஒவ்வொரு சொல்லாக உடைந்து உடைந்து வந்தது. கலா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "வா சிஸ்டர், வூடு தேடி வந்துகிற. டீ போடறேன்," என்றாள்.

"டீ வேண்டாம் கலா. உக்காரு. ஒண்ணு சொல்லணும்."

உட்கார்ந்தாள். சொன்னேன். பாட்டில் எப்படி இருந்தது, ஜோதி என்ன சொல்ல வந்தாள், நான் என்ன சொன்னேன், எப்படி அழுத்தினேன் என்று எல்லாம் சொன்னேன். சார் சொன்ன அந்த வார்த்தையை, அழுத்தாமலும் வரலாம் என்பதை, சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அது எனக்கு சாதகமான வார்த்தை, அதை அவளிடம் கொண்டுபோகக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன்.

கலா தேவராஜைப் பார்த்தாள். தேவராஜ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனுக்குத் தெரியும் சிஸ்டர்," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நான் அங்கதான படுத்துனு இருந்தேன். அந்தப் பொண்ணு சொல்ல வந்துச்சு. நான்கூட கேளுன்னேன். உங்க வேனை ஓட்ட நான் வந்தேனான்னு கேட்ட." இவ்வளவு சொல்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. "மெட்ராஸ்ல படுத்துனு இருக்கசொல்லோ டாக்டருங்க பேசிகினாங்க. பாட்டில்ல இழுத்துருச்சுன்னு. அப்பவே புரிஞ்சிடுச்சு."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டது கலா.

"சொன்னா நீ சும்மா இருப்பியா? அங்க போயி சண்டை போடுவ. அப்பறம் எனுக்கு யாரு வைத்தியம் பாப்பா?" என்னைப் பார்த்தார். "தப்பா நினைச்சிக்காத சிஸ்டர். மருந்து குடுக்கறது நீ. ஊசி போடறது நீ. உன்கிட்ட எப்பிடி சொல்றது?"

முப்பத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேர் என் முன்னால் படுத்திருந்திருக்கிறார்கள். எனக்குப் பயந்து எதையெல்லாம் சொல்லாமல் விட்டார்களோ, எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். அவர்கள் இரண்டு பேரும் அழவில்லை.

கலா என் பக்கம் திரும்பினாள். "எத்தினி தபா உன் வூட்டுக்கு வந்தேன் சிஸ்டர். எத்தினி தபா நீ என் கையைப் புடிச்சிகினு பேசின. ஒரு தபாகூட உனுக்கு வாய் வரலியா?"

"வரல கலா."

"அந்தப் பொண்ணை வாய மூடுன்ன. உன் வாயையும் மூடிகின."

தேவராஜ் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அந்தப் பொண்ணு இப்ப எங்க கீது?"

"அவதான் அந்த வார்டுக்கு இன்சார்ஜ்."

"அது கேக்குதா? சின்னப் பொண்ணுங்க எதுனா சொல்ல வந்தா?"

"கேக்கறா," என்றேன். எனக்கு அது தெரியாது. அப்படித்தான் இருக்கும் என்று நம்பிச் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலை அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

நான் எழுந்தேன். தூக்கைக் கலாவிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். முறுக்கை ஒரு தட்டில் கொட்டி தேவராஜின் வலது கைப் பக்கம் வைத்தாள். பிறகு உள்ளே போய் தூக்கைத் தேய்த்துக் கழுவும் சத்தம் கேட்டது. கழுவிக் கொண்டுவருவாள், எப்போதும் போல ஏதாவது போட்டுக் கொடுப்பாள் என்று கதவருகில் நின்றுகொண்டிருந்தேன். பழக்க தோஷம். அவள் அதைத் துடைத்து, அடுக்களை அலமாரியில் மேல் தட்டில் கவிழ்த்து வைத்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு சிஸ்டர்," என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு தரம் அவர்கள் செங்கல்பட்டுக்குப் போய் வந்திருக்கிறார்கள். ஜோதி சொல்லித்தான் தெரியும். திருக்கழுக்குன்றத்தில் இறங்கவில்லை. அவர்கள் போகும் பஸ் என் வீட்டைத் தாண்டித்தான் போகும்.